வழக்குக் கட்டில் தம்பியின் பெயர்

சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்பதில் தொடங்கிய சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் தம்பியைக் கீழே தள்ளி மிதித்துவிட்டார். இது 2024 ஆகஸ்டில். வீங்கிய கையோடு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அடிதடி என்றதும் டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தை, அதாவது விபத்துப் பதிவேட்டை எடுத்தார். எத்தனை பேர், எதால், எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதற்றத்தில் அம்மா “ரெண்டு பேர்” என்று சொல்ல, தம்பி “ஒருத்தர்தான்” என்று திருத்தினான். நல்லவேளை. அந்தப் புத்தகத்தில் எழுதுகிற ரெண்டு வரியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து நான்கு நாள் நிம்மதியாக இருந்தேன். அது மனு வந்ததற்கான ரசீது மட்டும்தான். கேட்டபோது, “சாதாரணக் காயம், பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் பிரிவு 115(2). கோர்ட் உத்தரவு இல்லாமல் நாங்கள் விசாரிக்க முடியாது” என்றார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் அதற்குள் எக்ஸ்ரேயில் முன்கை எலும்பு முறிந்திருப்பது தெரிந்துவிட்டது. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம், பிரிவு 117(2), ஏழு ஆண்டு வரை தண்டனை. போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் அது. அத்தகைய புகாரில் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எக்ஸ்ரே நகலோடு எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். அப்புறம்தான் எஃப்.ஐ.ஆர். வந்தது. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

இனி வழக்கு ஓடும் என்று நினைத்தேன். ஏழு மாதம் கழித்து ஒரு நோட்டீஸ் வந்தது: போதிய சாட்சி இல்லை, மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். தெருவே பார்த்த சண்டைக்கு சாட்சி இல்லையாம்!

“அரசு வக்கீலைப் போய்ப் பாருங்க, அவர்தானே முடிவு பண்ணுவார்” என்றார் ஒரு நண்பர். அப்படி இல்லை. விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போடுவதா, கைவிடுவதா என்று அறிக்கை எழுதுவது விசாரணை அதிகாரி. அரசு வக்கீலிடம் கருத்துக் கேட்டுத்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2000இல் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் அதிகாரி எழுதியதே முடிவும் அல்ல. அதை ஏற்பதா வேண்டாமா என்று பார்ப்பவர் மாஜிஸ்திரேட். ஏற்பதற்கு முன் புகார்தாரருக்குத் தகவல் தந்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். இதுவும் 1985இல் பகவந்த் சிங் வழக்கில் வந்த தீர்ப்புதான். எங்களுக்கு அந்த நோட்டீஸ் வந்ததே அதனால்தான்.

ஆட்சேபனை மனு போட்டோம். போலீஸ் விசாரிக்காமல் விட்ட மூன்று பேரின் விவரம், காயச் சான்று, எக்ஸ்ரே அறிக்கை எல்லாம் இணைத்தோம். மூன்று வாய்தா ஆனது. மாஜிஸ்திரேட் அறிக்கையை ஏற்காமல் மேல்விசாரணைக்கு உத்தரவிட்டார். இந்த முறை வேறொரு எஸ்.ஐ. வந்தார். பேச்சு குறைவு, எழுத்து அதிகம். தெருவில் நின்றே வாக்குமூலம் வாங்கினார். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் எடுத்து சி.சி. நம்பர், அதாவது கோர்ட்டின் வழக்கு எண் கொடுத்தார்.

வழக்குக் கட்டின் நகல் வாங்கிப் பார்த்தபோது முதல் பக்கத்தில் ‘அரசு, காவல் ஆய்வாளர் மூலம்’ என்றும், எதிரே பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் இருந்தன. “அடி வாங்கினது நான், என் பேர் எங்கேண்ணா?” என்றான் தம்பி. புரட்டிக்கொண்டே போனோம். சாட்சிகள் பட்டியலில், முதல் வரியில் இருந்தது.