பார்த்துவிடலாமே என்கிற வியாதி: போக்கர் பழகிய நான்கு மாதம்

போக்கர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நானாகக் கிளம்பவில்லை. அக்காவும் அத்தானும் அவர்கள் நண்பர் ஒருவரும் ஞாயிறு ராத்திரி ஆட உட்காருவார்கள். மூன்று பேரோடு ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்று என்னையும் பிடித்து உட்கார வைத்தார்கள். ரம்மி தெரியுமே, இதுவும் வந்துவிடும் என்று நினைத்தேன். சீட்டுக்கட்டு மட்டும்தான் ஒன்று. ரம்மியில் கையில் வந்ததை வைத்து எப்படியாவது சேர்க்கப் பார்ப்போம். இதில் பெரும்பாலான நேரம் வந்ததைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அது எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆனது.

பணம் வைத்து ஆடுவதில்லை என்று முதலிலேயே பேச்சு. ஆளுக்கு 200 பிளாஸ்டிக் காயின். ராத்திரி முடிகிறபோது யாரிடம் காயின் குறைவோ அவர் எல்லாப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். சும்மா ஆடினால் ஆளாளுக்கு எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிடுவார்கள், பாத்திரம் என்றதும் எல்லாருக்கும் பொறுப்பு வந்துவிடும் என்பது அக்காவின் கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது. வாரா வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். இது அதிலிருந்து எடுத்து எழுதுவது.

முதல் வாரம்

நாங்கள் ஆடுவது டெக்சஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துத் தருவார்கள். அதைப் பார்த்து ஒரு சுற்று பந்தயம். பிறகு நடுவில் மூன்று சீட்டைத் திறந்து வைப்பார்கள், அது ஃப்ளாப். நான்காவது சீட்டு டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு சுற்று பந்தயம். கையில் இருக்கும் இரண்டும் நடுவில் இருக்கும் ஐந்தும் சேர்ந்த ஏழில், சிறந்த ஐந்துதான் கணக்கு. சீட்டு போடுபவருக்கு அடுத்தவர் 1 காயினும், அதற்கும் அடுத்தவர் 2 காயினும் சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்தாக வேண்டும். ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் என்கிறார்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எல்லாரும் ஏஸ் ஜோடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

விதி பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. அசடு வழிந்தது அதற்கப்புறம்தான். என் கையில் ராஜாவும் 4உம். நடுவில் ராஜா, 9, 9, 4, ஜாக்கி. "மூணு ஜோடி!" என்று சீட்டை விரித்துக் குவியலை இழுக்கக் கை நீட்டினேன். நண்பர் மெதுவாகத் தன் ராஜாவையும் ராணியையும் காட்டினார். இருவருக்கும் ராஜா ஜோடி, 9 ஜோடி. ஐந்தாவது சீட்டாக எனக்கு ஜாக்கி, அவருக்கு ராணி. என்னுடைய 4 ஜோடி அந்த ஐந்தில் நுழையவே முடியாது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட்டை விட ஒரே இனமாக வரும் ஃப்ளஷ் ஏன் பெரியது என்றும் குழம்பினேன். 52 சீட்டில் ஐந்தை எடுக்க மொத்தம் 25,98,960 வழி இருக்கிறது. இரண்டும் ஒன்றாக அமையும் 40 வழிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஸ்ட்ரெய்ட்டுக்கு 10,200, ஃப்ளஷுக்கு 5,108. எது அரிதோ அது பெரியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அன்று 48 ஆட்டம். ஃப்ளாப்புக்கு முன்பே நான் சீட்டைக் கீழே போட்டது 6 தடவை. பாத்திரம் என் பங்கு.

இரண்டாம் வாரம்

ஏஸ் ஜோடி வந்தது. 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும் சமாச்சாரம். பந்தயத்தை ஏற்றினால் எல்லாரும் ஓடிவிடுவார்களே என்று பதுங்கி, வெறும் 2 காயின் வைத்தேன். நான்கு பேரும் உள்ளே வந்தார்கள். ஃப்ளாப்பில் 9, 6, 2. அதற்குப் பிறகு நான் ஏற்ற ஏற்ற அத்தான் கூடவே வந்தார். கடைசியில் பார்த்தால் அவர் கையில் 9உம் 6உம். பிக் பிளைண்டில் இருந்ததால் கூடுதலாக ஒரு காயின்கூடப் போடாமல் உள்ளே வந்தவர், 140 காயினை அள்ளிக்கொண்டு போனார்.

"நீ முதல்லயே ஏத்தியிருந்தா இந்தக் குப்பையை நான் எப்பவோ போட்டிருப்பேனே" என்றார். ஏஸ் ஜோடி ஏதோ ஒரு கையோடு தனியாக மோதினால் நூற்றுக்குச் சுமார் 85 தடவை ஜெயிக்கும். எதிரே மூன்று பேர் என்றால் அது 64 ஆகிவிடுகிறது. கூட்டத்தை உள்ளே விட்டது நான்தான்.

மூன்றாம் வாரம்

மறுபடி பாத்திரம். எழுத ஒன்றுமில்லை.

நான்காம் வாரம்

ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் ஏன் காயின் போட்டேன் என்று ஒரே வார்த்தையில் குறிக்கச் சொன்னாள் அக்கா. ராத்திரி முடிந்து நோட்டைப் பார்த்தால் பக்கம் முழுக்க "பார்க்க", "பார்க்க", "பார்க்க". 2 காயின்தானே, ஃப்ளாப்பைப் பார்த்துவிடலாம். இன்னும் 6தானே, டர்னைப் பார்த்துவிடலாம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அவரிடம் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமே. ஜெயிப்பேன் என்று நினைத்துக் காயின் போட்டது மொத்தம் ஒன்பதே ஆட்டம்.

போக்கரில் ஒரு விதி உண்டு. ஒருவர் ஏற்றி, மற்ற எல்லாரும் விலகிவிட்டால், அவர் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. அப்படியே கட்டோடு சேர்த்துக் கலைத்துவிடலாம். எனக்குத் தாங்க முடியாத விதி இதுதான். கதையை முக்கால்வாசி கேட்டுவிட்டு எழுந்து போவது மாதிரி இருக்கும். என் காயின் பாதிக்கு மேல் போனது தோற்று அல்ல, வேடிக்கை பார்த்துத்தான்.

கையில் வரக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1,326. எந்த இனம் என்பதை விட்டுவிட்டு, இரண்டும் ஒரே இனமா இல்லையா என்று மட்டும் பார்த்துச் சுருக்கினால் 169 வகை. அதில் எதையெல்லாம் ஆடுவது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதினேன்: எந்த ஜோடியும், இரண்டுமே 10க்குக் குறையாத சீட்டு, ஒரே இனத்தில் ஏஸும் வேறொன்றும். ஜோடி இல்லாத எந்தக் கையாக இருந்தாலும் மூன்றில் இரண்டு தடவை ஃப்ளாப்பில் ஒரு ஜோடிகூடச் சேராது. இதைப் படித்த பிறகுதான், ஏஸும் ராஜாவும் வந்தும் ஒன்றும் ஒட்டவில்லையே என்று புலம்புவதை விட்டேன்.

ஐந்து, ஆறு

துண்டுத்தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் வேறு பள்ளத்தில் விழுந்தேன். 56 ஆட்டம், அதாவது 14 சுற்று. சுற்றுக்கு 3 காயின் பிளைண்ட் என்றால் சும்மா உட்கார்ந்திருந்ததிலேயே 42 காயின் போய்விட்டது. நான் எப்போதாவது ஏற்றினால் "ஐயாவுக்கு நல்ல சீட்டு வந்துடுச்சு" என்று மூவரும் ஒரே நேரத்தில் விலகிவிடுவார்கள். நான்கு பேர் ஆட்டத்தில் இத்தனை கஞ்சத்தனம் ஆகாது. கடைசியாகப் பேசும் இடத்தில், அதாவது சீட்டு போடுபவராக இருக்கும்போது மட்டும் கொஞ்சம் தாராளம் என்று மாற்றிக்கொண்டேன். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். காயின் செலவில்லாமல் என் வியாதிக்குத் தீனி கிடைக்கும் ஒரே இடம்.

நண்பரோ 10உம் 2உம் வந்தால் எந்த இடத்திலும் விடமாட்டார். காரணம் கேட்டால் டாயல் பிரன்சன் என்கிற பெரிய ஆட்டக்காரர் 1976இலும் 1977இலும் உலகப் போக்கர் போட்டியின் கடைசி ஆட்டத்தை இதே 10-2 வைத்துத்தான் முடித்தார், இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு எண்ணில் ஜோடியும்) என்பார். உண்மைதான். ஆனால் எங்கள் மேசையில் அந்த 10-2 இதுவரை சம்பாதித்தது நண்பருக்கு இரண்டு ராத்திரி பாத்திரம்.

இடையில் ஒரு சின்ன விஷயம். முந்தைய ஆட்டத்தின் சீட்டுகள் கொத்துக் கொத்தாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. நாங்கள் கையில் பிடித்துச் சும்மா மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். கட்டை இரண்டாகப் பிரித்து ஓரங்களைப் பின்னி இறக்கும் முறையில் ஏழு முறை கலைத்தால் போதும் என்று பேயர், டயாகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து பழகினேன். முதல் இரண்டு நாள் பாதிக் கட்டு தரையில்தான் கிடந்தது.

ஏழாம் வாரம்

கணக்குப் போட்டு விலகிய முதல் ஆட்டம். கையில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 4, கிளாவர் 2. இன்னும் ஒரு ஆர்ட்டின் வந்தால் ஃப்ளஷ். குவியலில் 40 காயின் இருக்க, அத்தான் இன்னும் 40 வைத்தார். நான் பார்க்காத சீட்டு 47, அதில் ஆர்ட்டின் 9. அடுத்த சீட்டே ஆர்ட்டினாக வர நூற்றுக்கு 19 வாய்ப்பு. மனக்கணக்காக 9ஐ இரண்டால் பெருக்கினாலே 18 என்று கிட்டத்தட்ட வந்துவிடும். நான் 40 போட்டால் குவியல் 120 ஆகும். மூன்றில் ஒரு பங்கு நான் போடுவது. நூற்றுக்கு 33 தேவைப்படும் இடத்தில் என்னிடம் இருப்பது 19. டர்னில் அவர் மறுபடி ஏற்றத்தான் போகிறார். இதுவே அவர் 10 மட்டும் வைத்திருந்தால் 60இல் 10, அதாவது 17, அப்போது தொடர்ந்திருக்கலாம்.

சீட்டைக் கீழே போட்டேன். டர்னில் வந்தது ஆர்ட்டின் 6.

வயிறு எரிந்தது. நோட்டில் "சரியான முடிவு" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன், எரிச்சல் குறையவில்லை.

ஒன்பதாம் வாரம்

நான் எப்போது ஃப்ளஷ் வைத்திருக்கிறேன் என்று அக்காவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. கெஞ்சிக் கேட்ட பிறகு சொன்னாள். நடுவில் ஒரே இனத்தில் மூன்று சீட்டு விழுந்ததும் நான் என் சீட்டை மறுபடி தூக்கிப் பார்க்கிறேனாம். "ரெண்டுமே ஆர்ட்டின்னா உனக்கு மறந்திருக்காது. நம்பர்தான் ஞாபகம் இருக்கும், இனம் ஞாபகம் இருக்காது. அதான் ஒண்ணாவது இருக்கான்னு பாக்குறே. பாத்தியா, அப்ப உன்கிட்ட ஃப்ளஷ் இல்லை. பாக்காம கல்லு மாதிரி உக்காந்திருந்தா இருக்கு."

அன்றிலிருந்து முதல் தடவை பார்க்கும்போதே எண்ணையும் இனத்தையும் மனதுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டு சீட்டைக் கவிழ்த்துவிடுகிறேன். ஏமாற்று ஆட்டத்தை விட இந்தச் சின்னப் பழக்கம்தான் எனக்கு அதிகக் காயின் மிச்சம் பிடித்திருக்கிறது. பிளஃப், அதாவது நல்ல சீட்டு இல்லாமலே ஏற்றி மிரட்டுவது, இன்னும் வரவில்லை. செய்தால் காது சூடாகிறது.

பதினாறாம் வாரம்

8 ஜோடி வந்தது, ஸ்பேடும் கிளாவரும். ஏற்றினேன், அக்கா மட்டும் கூட வந்தாள். ஃப்ளாப்பில் டைமன் 8, ஆர்ட்டின் ராணி, ஆர்ட்டின் 5. மூன்று 8! ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது சேர்வது எட்டு ஒன்பது தடவைக்கு ஒன்று. நான் வைத்தேன், அவளும் வைத்தாள். டர்னில் ஆர்ட்டின் ஜாக்கி. அக்கா தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கி ஒரு முறை பார்த்தாள். நான் வைத்ததற்குச் சமமாகப் போட்டாள். ரிவரில் ஆர்ட்டின் 2.

நடுவில் நான்கு ஆர்ட்டின். அவளிடம் ஒரே ஒரு ஆர்ட்டின் இருந்தாலும் என் மூன்று 8 செல்லாது. குவியலில் 90 இருந்தது. அக்கா 90 எண்ணி வைத்தாள்.

அந்த ஒரு பார்வையை என்ன செய்வது? அவள் எனக்குச் சொல்லித்தந்தபடி பார்த்தால், டர்னில் இரண்டு ஆர்ட்டின் இல்லை, ஒன்று இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். ஒன்று இருந்தால் இப்போது அதுவே போதும். ஆனால் அதைச் சொல்லித்தந்தவளே அவள்தான். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். 270இல் 90, மூன்று தடவையில் ஒரு தடவையாவது அவள் சும்மா மிரட்டுகிறாள் என்றால்தான் போடலாம். அவள் அத்தனை தடவை மிரட்டுபவள் இல்லை. நான்கு மாதத்து நோட்டில் அது இருக்கிறது.

மூன்று 8ஐயும் விட்டேன். அக்கா தன் சீட்டைக் கட்டுக்குள் செருகினாள்.

அன்று 58 ஆட்டத்தில் ஃப்ளாப்புக்கு முன் 31 தடவை கீழே போட்டிருந்தேன். கையில் 214 காயின். நண்பர் பாத்திரம் கழுவப் போனார், 10-2 புண்ணியம். நான் மேசையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, அந்த நாலு ஆர்ட்டின் ஆட்டத்துல என்ன வச்சிருந்தே?" என்றேன்.

"தொண்ணூறு போட்டிருந்தா காட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டை ஏழாவது முறையாகக் கலைத்தாள்.