இரண்டு எட்டா, ஒரு பதினாறா

ஜூன் 2, 2023, வெள்ளி

சீட்டுப் பணம் வந்தது. நாற்பதாயிரமும் இரண்டாயிரம் ரூபாய்த் தாளாகவே, மொத்தம் இருபது தாள். இந்தத் தாளைத் திரும்பப் பெறுகிறார்கள், செப்டம்பர் 30 வரை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெட்ரோல் பங்கிலேயே முகம் சுளிக்கிறார்கள். துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பையனுக்கு விளையாட ஒரு கம்ப்யூட்டர் வாங்கத்தான். அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

அவர் இந்த வாரமும் வரவில்லை.

ஜூன் 5, திங்கள்

பள்ளி திறப்பு மறுபடி தள்ளிப்போயிற்று. 7 என்றார்கள், இப்போது வெயில் என்று 12. இன்னும் ஒரு வாரம் இந்த வீட்டில் இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பக்கத்துத் தெருக் கடையில் 18,000 ரூபாய்க்கு 'கேமிங் பிசி' என்று அட்டை தொங்குகிறது. ஐ5, 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கலர் கலராய் விளக்கு. பாதி விலைதானே என்று எனக்கும் ஆசை வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீஸில் சிஸ்டம் பார்க்கும் தம்பியிடம் போட்டோவைக் காட்டினேன். "ஐ5 சரிக்கா, எந்த ஜென்?" என்றான், எந்தத் தலைமுறை என்று. திரும்பப் போய்க் கேட்டால் தேர்ட் ஜென்னாம். 2012இல் வந்தது. என் பையனுக்கு மூத்தது. விண்டோஸ் 11க்கு எட்டாவது ஜென்னாவது வேண்டுமாம். உள்ளே இருக்கும் கார்டு ஜிடி 730. அதைக் கேட்டதும் தம்பி சிரித்துவிட்டான். அந்த விளக்குகளுக்குத்தான் காசு போலிருக்கிறது.

ஜூன் 6

எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியாம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேபினட்டோடு இலவசமாக வருவதை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது போனால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்று தம்பி சொல்லிவிட்டான். ஆக அதற்கு மட்டும் 3,300.

ஜூன் 7, புதன்

ரைசன் 5 5600ஜி சிப். இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். தனி கார்டு தேவையில்லை, கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் காசு வந்தால் கார்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த உள் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ராமில்தான் பங்கு கேட்கும். அதனால் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருக்கக்கூடாது, எட்டும் எட்டுமாக இரண்டு குச்சி வேண்டும், அப்போதுதான் இரண்டு வழி, சேனல் என்கிறார்கள். ஒரு வாசல் கல்யாண மண்டபத்துக்கும் இரண்டு வாசல் மண்டபத்துக்கும் உள்ள வித்தியாசம். உள்ளே இடம் ஒன்றுதான், பந்திக்குப் போகும் வேகம் வேறு.

எனக்கு இதெல்லாம் ஏன் பிடித்துப்போகிறது என்று தெரியவில்லை. மூன்று மணி நேரம் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஜூன் 8

போனில் யாரோ பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு விற்கிறார், 6,000 ரூபாய். இந்தக் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் போன செப்டம்பரில் நின்றதிலிருந்து இப்படிக் குவிகிறதாம். ஒரு மணி நேரம் ஆசைப்பட்டேன். அப்புறம் ஸ்டிக்கரைப் பெரிதாக்கிப் பார்த்தால் 2048எஸ்பி என்று இருக்கிறது. பெயர்தான் 580, உள்ளே 570. அந்த எண் கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்னக் கூறுகளின் எண்ணிக்கையாம், உண்மையான 580இல் 2304 இருக்கவேண்டும். விட்டேன்.

கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யு.பி.எஸ்.ஸைப் பட்டியலில் இருந்து அடித்தாயிற்று. 3,000 மிச்சம்.

ஜூன் 9

பையனிடம் சொன்னேன். "சரிம்மா" என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 10, சனி

ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தோம். வழி முழுக்க "என்னக்கா வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா" என்று கையைப் பிடிக்காத குறை. நரசிங்கபுரம் தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினோம். மூன்று கடையில் ஒரே பாட்டு: "இப்போ ஒரு பதினாறு போட்டுக்கோங்க, அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்." நான்காவது கடைக்காரர், "ரெண்டு எட்டுதானே, போட்டுடலாம்" என்றார். அதற்காகவே அங்கே வாங்கினேன்.

சிப் 11,800. போர்டு 6,200. ராம் 3,400. 500 ஜிபி எஸ்எஸ்டி 2,700. எஸ்.எம்.பி.எஸ். 3,300. விளக்கில்லாத கேபினட் 2,400. மானிட்டர் 8,600. கீபோர்டு, மவுஸ் 900. ஆக 39,300. இரண்டாயிரம் தாளைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தடவை எண்ணினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாட்டிக்கொடுக்கும் பையனுக்கு இருபது வயது இருக்கும். மேசை விளிம்பில் முட்டைபோண்டாவை வைத்துவிட்டு, சிப்பின் மேல் கடுகளவு வெள்ளைப் பசை வைத்து ஃபேனை அழுத்தினான். போர்டில் ராமுக்கு நான்கு பள்ளம். இரண்டு குச்சியையும் அடுத்தடுத்துச் செருகினான், டக், டக். எனக்கு ஏதோ தப்பாகப் பட்டது, ஆனால் வார்த்தை வரவில்லை.

"அண்ணே, ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும். பக்கத்துல பக்கத்துல போட்டா ஒரே சேனல்ல போயிரும்."

என் பையன்தான். நான் படித்ததை எல்லாம் இவனும் படித்திருக்கிறான், என் போனில், எனக்குத் தெரியாமல். கடைப் பையன் நிமிர்ந்து பார்த்து, "ஆமா தம்பி" என்று பிடுங்கி மாற்றினான். சென்னைக்கு வந்து இவன் இத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த இழுவை அப்படியே பாளையங்கோட்டை. அவரும் இப்படித்தான் இழுப்பார்.

ஜூன் 12, திங்கள்

புதுப் பள்ளி. ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஜூன் 14

இவன் கேட்கும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஜாவா என்று ஒன்று, பெட்ராக் என்று ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஜாவாதான் நல்லது என்று எங்கும் எழுதியிருக்கிறது. இவன் பெட்ராக் போதும் என்கிறான். காரணம் கேட்டால் சும்மா என்றான். பிறகு ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது வந்து நின்று, "போன்ல ஆடுறவங்களோட ஜாவால சேர முடியாதும்மா" என்றான். ஊரில் இவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரிடமும் போன்தான்.

நாற்பதாயிரத்தில் பாதி கூட இதற்குத் தேவைப்பட்டிருக்காது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்காக முழித்த ராத்திரிகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சரி.

ஜூன் 15

விளையாட்டுக்குக் கணக்குத் தொடங்கும்போது இவன் பிறந்த தேதியை உண்மையாகப் போட்டுத் தொலைத்தேன். குழந்தைக் கணக்காம். மற்றவர்களோடு சேர்ந்து ஆட அம்மா அனுமதிக்க வேண்டும். அனுமதிக்கத்தான் தயார், எந்தப் பக்கத்தில் என்று தேடி இரவு பதினொன்றரை.

ஜூன் 16, வெள்ளி

கிடைத்தது.

ஜூன் 19, திங்கள்

விடிய விடிய மழை. ஜூனில் இப்படி ஒரு மழையா! சென்னைப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். காலை ஏழு மணியிலிருந்து இவன் கம்ப்யூட்டர் முன்னால்தான். ஆனால் திருநெல்வேலியில் மழை இல்லை, அவர்களுக்குப் பள்ளி உண்டு. நான்கரைக்குத்தான் விடும், வீடு வந்து சேர ஐந்து. தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். பழைய வீட்டு முற்றம் மாதிரியே இருந்தது, துணி துவைக்கும் கல்லுகூட.

ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போயிற்று.

யு.பி.எஸ்.ஸை அடித்தது நான்தான்.

ஜூன் 20

600 விஏ, 3,100 என்கிறார்கள். அவரிடம் கேட்கலாமா என்று