பதரா, மணியா: எச்பிவி துகளைச் சோதிக்கும் வேலை

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி 16 வைரஸின் புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு, 'தொற்று இல்லை' என்று நோட்டில் எழுதுவது சுலபம். அந்த இரண்டு சொல்லுக்குள் மூன்று சங்கதி இருக்கலாம். வைரஸின் புரதக் கூடே கட்டப்படாமல் போயிருக்கலாம். கூடு இருந்தும் உள்ளே டிஎன்ஏ இல்லாமல் இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும், செல்லுக்குள் போன பிறகு வழியில் நின்றிருக்கலாம். டெல்டாக்காரர்களுக்கு நடுவில் உள்ளதைப் 'பதர்' என்றால் போதும், பார்வைக்கு நெல்தான்.

ஏறத்தாழ 55 நானோமீட்டர் கூடு அது. எல்1 புரதம் ஐந்தைந்தாகச் சேர்ந்து 72 கட்டுகள், ஆக 360 எல்1. எல்2 என்ற இன்னொரு புரதம் உட்புறம், அதிகபட்சம் 72. ஒரு கட்டில் எல்1இன் 175ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம், பக்கத்துக் கட்டின் 428ஆம் இடத்துச் சிஸ்டீனோடு கந்தகப் பிணைப்பால் கோத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றைச் செரீன் என்ற வேறு அமினோ அமிலம் ஆக்கினாலும் கூடு உறுதியாக நிற்காது.

ஒரே ஓர் இடம் என்ன செய்யும் என்பதற்கு எல்1இன் 202ஆம் இடம் நல்ல சாட்சி. எச்பிவி 16இன் முதல் குளோனில் (முதலில் பிரித்துப் பெருக்கிய டிஎன்ஏவில்) அங்கே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருந்தது. வெற்றுக்கூடு மிகக் குறைவாகவே கிடைத்தது. வேறு மாதிரிகளில் அங்கே அஸ்பார்டிக் அமிலம். அதை வைத்ததும் கூடு தாராளமாக வந்தது என்று 1993இல் வெளியானது. 'மூல வகை' என்றாலே குறையில்லாதது என்று நம்பிவிடக் கூடாது.

ஆய்வுக்கு முழு வைரஸ் வேண்டாம். 293டிடி என்ற ஆய்வக மனிதச் செல்களுக்கு எல்1, எல்2 பிளாஸ்மிடையும் (வளைய டிஎன்ஏ), பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தைத் தரும் பிளாஸ்மிடையும் கொடுத்தால் போலி வைரஸ் கிடைக்கும். சுமார் 48 மணி நேரத்தில் செல்களைச் சேகரித்து, அடியில் படிந்த செல் வண்டலின் அளவுக்குக் கிட்டத்தட்ட சமமான கரைசலில் செல்லை உடைக்கும் டிட்டர்ஜென்ட்டும், வெளி டிஎன்ஏவை வெட்டும் பென்சோனேஸ் நொதியும் சேர்த்து, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க விட வேண்டும். கூடு இறுகுவது இந்த நேரத்தில்தான். அவசரத்தில் இதை இரண்டு மணி நேரமாக்கினால், பிணைப்பு முடியாத கூடு அடுத்த படியில் உடையும், பழி திடீர்மாற்றத்தின் மேல் விழும். பிறகு 5 மோலார் உப்புக் கரைசலை 0.17 பங்கு சேர்க்க வேண்டும். உப்பு குறைந்தால் துகள் செல் கழிவோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய்விடும்.

அடுத்து, துகளை அடர்த்தியால் பிரிக்கும் ஆப்டிபிரெப் கரைசலின் 27, 33, 39 சதவீத அடுக்குகள்; இவற்றின் மேல் லைசேட்டை (உடைத்த செல்களின் கரைசலை) விட்டு அதிவேகமாகச் சுழற்ற வேண்டும். சுழற்றும் முன் அடுக்குகளை 'அறை வெப்பத்தில் சற்று நேரம் விடவும்' என்று செய்முறையில் இருக்கும். அது 22 முதல் 25 டிகிரி, சித்திரை மாதத்துத் தஞ்சாவூர் அறை இல்லை. ஏசி நின்ற அறையில் விட்டால் அடுக்குகள் வேகமாகக் கலந்து, துகள் சேரும் பட்டை அகன்று மங்கிவிடும். சுழற்சியின் நடுவே கரண்ட் போனால் அதைத் தொடர்வதைவிட, மீதி லைசேட்டை வைத்துப் புதுக் குழாயில் ஆரம்பிப்பதே மேல்.

கூட்டின் உறுதியைப் பார்க்க ரெட்யூசிங் இல்லாத (கந்தகப் பிணைப்பை அவிழ்க்காத) ஜெல் ஒன்று ஓட்டலாம். புதுப் பிணைப்பு உருவாகாமல் தடுக்கும் என்-எத்தில்மாலெய்மைடு சேர்த்து, பிணைப்பை அவிழ்க்கும் டிடிடி சேர்க்காமல் ஓட்டினால், நன்றாக இறுகிய கூட்டின் எல்1 இரட்டையும் மூன்றுமாக மேலே நிற்கும். 428ஆம் இடத்தை மாற்றிய எல்1 ஒற்றையாக 55 கிலோடால்டனிலேயே தங்கும். ஒரு நுணுக்கம்: டிடிடி போட்ட கிணற்றுக்கு (மாதிரியை ஊற்றும் குழிக்கு) பக்கத்துக் கிணற்றைக் காலியாக விடவும். டிடிடி ஊடுருவி, பக்கத்து மாதிரியின் பிணைப்பையும் அவிழ்த்து, நல்ல கூட்டையே கெட்டதாகக் காட்டிவிடும்.

பதரைக் கண்டுபிடிக்க, நியூக்ளியேஸ் நொதி போட்டு வெளி டிஎன்ஏவை ஒழித்த பிறகு, உள்ளிருக்கும் டிஎன்ஏவை அளக்கும் க்யூபிசிஆர் செய்து, எல்1 அளவோடு ஒப்பிட வேண்டும். தொற்றுச் சோதனையில் மைக்ரோலிட்டர் சமமாக ஊற்றுவதில் பயனில்லை, ஜீனோம் (கூட்டுக்குள் இருக்கும் டிஎன்ஏ) எண்ணிக்கை சமமாக வேண்டும். மாற்றமில்லாத துகளையும் அதே நாளில், அதே செல் தொகுதியில் தயாரித்திருக்க வேண்டும். குறுவை மகசூலோடு சம்பாவை ஒப்பிட்டு என்ன பயன்?

எல்2 மாற்றங்கள்தான் அதிகம் ஏமாற்றும். 22, 28 சிஸ்டீன்களைச் செரீனாக்கிய துகள் கட்டப்படும், டிஎன்ஏ எடுக்கும், செல்லில் ஒட்டும், ஆனால் 72 மணி நேரமானாலும் ஜிஎஃப்பி மின்னாது. எல்2இன் நுனியைச் செல்லின் ஃபியூரின் நொதி 12ஆம் இடத்தில் வெட்டினால்தான் துகள் மேற்கொண்டு நகரும் என்பதால், ஃபியூரின் தடுப்பான் போட்ட கிணறு ஒன்று அதே தட்டில் இருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் குழாயில் துகள் ஒட்டிக் குறையும்; சிலிக்கான் பூசிய குழாயில் சிறு சிறு அளவாகப் பிரித்து, மைனஸ் 80இல் வைக்கவும்.