பகடையில் ஒரு பழைய சீசன்: இல்லினாய் ஆசிரியர் கல்லூரிகள், 1946–49

அமெரிக்கன் ஃபுட்பாலில் பெரிய பல்கலைக்கழகங்களின் பழைய சீசன்களைப் பகடை போட்டுத் திரும்ப ஆட, அணிகளின் பலத்தை எண்ணாகக் குறித்த ஆயத்த அட்டைகள் விலைக்கே கிடைக்கின்றன. சின்ன ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அட்டையை நாமேதான் செய்ய வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டது இல்லினாய் மாநிலத்தின் ஐஐஏசி (இல்லினாய் இன்டர்காலேஜியேட் அத்லெடிக் கான்ஃபரன்ஸ்) லீக். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதில் ஐந்தே அணிகள்: டிகால்பில் நார்தர்ன், மக்கோமில் வெஸ்டர்ன், சார்ல்ஸ்டனில் ஈஸ்டர்ன், கார்பன்டேலில் சதர்ன், நார்மல் என்ற ஊரில் இல்லினாய் ஸ்டேட் நார்மல். ஒவ்வொன்றும் மற்ற நான்கோடு ஒருமுறை மோதினால் மொத்தம் 10 ஆட்டம். கையால் ஆடி முடிக்கக்கூடிய அளவு.

இந்த லீக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் சாம்பியன் பட்டியல். 1946 நார்தர்ன், 1947 சதர்ன், 1948 ஈஸ்டர்ன், 1949 வெஸ்டர்ன். நான்கு வருடம், நான்கு அணி. அணிகள் உண்மையிலேயே அவ்வளவு சமமா, இல்லை குருட்டு அதிர்ஷ்டமா என்பதுதான் கேள்வி. ஐந்தும் துல்லியமாகச் சமம் என்று வைத்தாலும் நான்கு வருடத்தில் நான்கு வெவ்வேறு சாம்பியன் வருவதற்கான வாய்ப்பு 5×4×3×2 ÷ 625, அதாவது 19.2 சதவீதம்தான். பட்டியலைப் பார்த்தவுடன் தோன்றுகிற அளவுக்கு அது இயல்பான விஷயம் இல்லை.

ஸ்கோர் திரட்டுவது

வேலையில் முக்கால் பங்கு இதுதான். ஐந்து கல்லூரிகளின் மாணவர் பத்திரிகைகளும் ஆண்டு மலர்களும் பெரும்பாலும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. சதர்னுக்கு ‘ஈஜிப்ஷியன்’, நார்தர்னுக்கு இன்று ‘நார்தர்ன் ஸ்டார்’ எனப்படும் பத்திரிகை, வெஸ்டர்னுக்கு ‘வெஸ்டர்ன் கூரியர்’, இல்லினாய் ஸ்டேட்டுக்கு ‘விடெட்’. ஆண்டு மலர்கள் சதர்னில் ‘ஒபெலிஸ்க்’, ஈஸ்டர்னில் ‘வார்ப்ளர்’, நார்தர்னில் ‘நார்தர்’, வெஸ்டர்னில் ‘சீக்வெல்’.

முதல் பொறி ஆண்டு மலரின் வருடம். மலர் வசந்த காலத்தில் வெளிவரும். ஃபுட்பால் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் முடிந்திருக்கும். ஆகவே 1948 என்று அட்டையில் போட்ட மலரில் இருப்பது 1947 சீசன். இதைக் கவனிக்காமல் ஒரு வருடம் முழுக்கத் தள்ளிப் பதிந்துவிட்டால் கூட்டல் எல்லாம் சரியாகவே வரும், அதனால் பிழை வெளியே தெரியாது. சாம்பியன் பட்டியலோடு ஒப்பிடும்போதுதான் பிடிபடும்.

இரண்டாவது பொறி பெயர்கள். அன்றைய பத்திரிகைகள் அணியை ஊர்ப் பெயரிலேயே எழுதும். ‘நார்மல்’ என்று தேடினால் இல்லினாய் ஸ்டேட் வரும், ஊர் வரும், 1947 வரை சதர்ன் இல்லினாய் நார்மல் யுனிவர்சிட்டி என்றே இருந்த கார்பன்டேல் கல்லூரியும் வரும். அடைபெயரில் தேடுவது மேல்: ஹஸ்கீஸ் என்றால் நார்தர்ன், லெதர்நெக்ஸ் என்றால் வெஸ்டர்ன், பேந்தர்ஸ் என்றால் ஈஸ்டர்ன், ரெட்பேர்ட்ஸ் என்றால் இல்லினாய் ஸ்டேட். சதர்னை மட்டும் ‘மரூன்ஸ்’ என்று தேடவும். ‘சலூக்கி’ என்ற பெயர் 1951க்கு அப்புறம்தான்.

மூன்றாவது, எழுத்துணரி மென்பொருள் எண்களைக் கடித்துத் துப்புவது. 13 என்பது 18 ஆகிவிடும். ‘இந்த ஸ்கோர் சாத்தியமா’ என்ற சோதனை இங்கே உதவாது, ஏனென்றால் டச்டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவதற்கு) 6 புள்ளி, அடுத்து அடிக்கும் கிக் சரியாக விழுந்தால் கூடுதல் ஒரு புள்ளி; கூடுதல் புள்ளி ஒன்றும் விழாத மூன்று டச்டவுன் என்றால் 18 சரியான ஸ்கோர்தான். கால்பகுதி வாரியான வரியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் செய்தியில் டச்டவுன் போட்டவர்களையும் கிக் அடித்தவரையும் எண்ண வேண்டும். முடிந்தவரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு கல்லூரிப் பத்திரிகையும் பார்ப்பது நல்லது. வெளியூரில் தோற்ற ஆட்டத்துக்கு எந்தப் பத்திரிகையும் நாலு வரிக்கு மேல் ஒதுக்காது, ஜெயித்த ஊர்ப் பத்திரிகையில்தான் விவரம் இருக்கும்.

எல்லாம் பதிந்தபின் விரிதாளில் மூன்று சரிபார்ப்பு: லீக் ஆட்டங்களில் ஐந்து அணிகளும் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகையும் கொடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும், வெற்றி, தோல்வி எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், வெற்றி, தோல்வி, டிரா மூன்றையும் கூட்டினால் 20 வர வேண்டும். ஒன்று தவறினாலும் அட்டை எழுத உட்காரக் கூடாது.

அட்டையும் பகடையும்

தேவையானவை: 3×5 அங்குல அட்டை அணிக்கு ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பகடை, கிக்குக்கு மூன்றாவது பகடை ஒன்று, ஸ்கோர் தாள். சிவப்பை முதலிலும் வெள்ளையை அடுத்தும் வாசித்தால் 11 முதல் 66 வரை 36 விளைவுகள் கிடைக்கும். இரண்டையும் கூட்டக் கூடாது. கூட்டினால் 7 அடிக்கடி வந்து கணக்கைக் கெடுக்கும்.

ஒரு ஆட்டத்தில் அணிக்கு 12 முறை பந்து கிடைப்பதாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு வீச்சு. அட்டையில் 6 என்றிருந்தால் 11 முதல் 16 வரை விழுந்தால் டச்டவுன். 9 என்றால் 11 முதல் 23 வரை. டச்டவுனுக்கு 6 புள்ளி. உடனே கிக் பகடை: 1 முதல் 4 வரை விழுந்தால் கூடுதல் ஒரு புள்ளி. அந்தக் காலத்தில் இரண்டு புள்ளி முயற்சி கிடையாது, அது 1958இல்தான் வந்தது. சராசரியாக டச்டவுனுக்கு 6.67 புள்ளி கிடைப்பதால், அணியின் ஆட்ட சராசரியை 0.45ஆல் பெருக்கினால் அட்டை எண் வந்துவிடும். 20 புள்ளி சராசரி என்றால் 9.

கிக் பகடை சோம்பேறித்தனமாகத் தவிர்க்கக்கூடிய ஒன்றல்ல. எல்லா டச்டவுனையும் 7 என்று எடுத்துக்கொண்டால் சமபலமுள்ள இரு அணிகளின் ஆட்டத்தில் டிரா 22 சதவீதம் வரும். கிக் பகடை சேர்த்தால் 10 சதவீதம். பத்து ஆட்ட லீக்கில் ஒரு டிராவா இரண்டா என்பது பட்டத்தையே மாற்றிவிடும். 1950இல் ப்ளூமிங்டன் நகரத்தில் சீசன் கடைசியில் நடந்த கார்ன் பவுல் ஆட்டத்தில் இல்லினாய் ஸ்டேட் மிசௌரி மைன்ஸிடம் 7–6 என்று தோற்றதே ஒரு கிக்கில்தான்.

65 விழுந்தால் ஃபீல்ட் கோல் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) முயற்சி: மூன்றாம் பகடையில் 1 அல்லது 2 வந்தால் 3 புள்ளி. 66 விழுந்தால் சேஃப்டி (பந்து வைத்திருப்பவர் தன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கப்படுவது) சோதனை: மூன்றாம் பகடையில் 1 வந்தால் எதிரணிக்கு 2 புள்ளி. இப்படி வைத்தால் ஒன்பது ஆட்டத்துக்கு இரண்டு ஃபீல்ட் கோலும் ஒரு சேஃப்டியும் விழும். ஃபீல்ட் கோல் இவ்வளவு குறைவா என்று இன்றைய ஆட்டம் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். 1927 முதல் கல்லூரி ஆட்டத்தில் கம்பங்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் இறுதிக் கோட்டில் நின்றன, அதனால் ஒவ்வொரு கிக்குக்கும் 10 கெஜம் கூடுதல். கம்பங்களுக்கு இடையே 18 அடி 6 அங்குலம்தான்; 23 அடி 4 அங்குலமாக அகலப்படுத்தியது 1959இல். சேற்று மைதானத்தில் கால் விரலால் நேராக உதைக்கிறவர்களுக்கு மூன்றில் ஒன்று விழுவதே பெரிய விஷயம்.

எண் போடும்போது கெடுகிற இடங்கள்

அணிக்குத் தாக்குதல் எண் ஒன்று, தடுப்பு எண் ஒன்று. எடுத்த சராசரியிலிருந்து முதலாவது, கொடுத்த சராசரியிலிருந்து இரண்டாவது. ஆட்டத்துக்கான எண் = நம் தாக்குதல் + எதிரியின் தடுப்பு − லீக் சராசரி எண். பெருக்கி வகுக்கும் முறையையும் பார்த்தாயிற்று. அது கீழ்ப்பக்கம் அழகாக இருக்கிறது, மேல்ப்பக்கம் வெடித்துவிடுகிறது: லீக் சராசரி எண் 6.5 என்றால், 13 தாக்குதலும் 11 தடுப்பும் மோதினால் 22 வரும், 36இல் 22 டச்டவுன் என்பது அபத்தம். கூட்டல் முறையே போதும். குறைந்தது 1, அதிகம் 14 என்று வரம்பு கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நோஞ்சான் தாக்குதல் நல்ல தடுப்பைச் சந்திக்கும்போது எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

நான்கே லீக் ஆட்டத்தை வைத்து எண் போட்டால் ஒரு 40–0 முழு அட்டையையும் இழுத்துவிடும். வெளி ஆட்டங்களையும் சேர்க்க வேண்டும், ஆனால் எந்த ஆட்டத்திலும் 28க்கு மேற்பட்ட வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பிறகு எல்லா அணிக்கும் லீக் சராசரியில் நான்கு கற்பனை ஆட்டம் சேர்த்து வகுக்க வேண்டும். லீக் சராசரி 13.3 என்று வைத்தால், 9 ஆட்டத்தில் 180 புள்ளி எடுத்த அணிக்கு (180 + 53) ÷ 13 = 17.9. எண் 9இலிருந்து 8 ஆகிறது. கார்ன் பவுல் போன்ற சீசன் கடைசி ஆட்டங்களைச் சேர்க்கவில்லை. அவை ஒத்துப்பார்க்க மட்டும்.

அந்த ஒத்துப்பார்த்தலில்தான் முதல் பதிப்பு தேறவில்லை. கார்ன் பவுலில் 1947இல் சதர்ன் 21–0 என ஜெயித்தது. 1948இல் ஈஸ்டர்ன் இல்லினாய் வெஸ்லியனிடம் 6–0 என்று தோற்றது. 1949இல் வெஸ்டர்ன் வீட்டனை 13–0 என வென்றது. அடுத்தடுத்து மூன்றிலும் ஒரு அணிக்குப் பூஜ்யம். நம் பகடையில் சமபல அணிகளுக்கு ஒரு ஆட்டத்தில் அப்படி நடக்கவே, டச்டவுனை மட்டும் எண்ணினால், 21 சதவீதம்தான் வாய்ப்பு. மூன்று ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும், வீச்சுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருப்பதுதான் குறை என்று தெரிந்தது. மழை பெய்தால் 12 வீச்சும் சேர்ந்தே கெடும். இரு அணிக்கும் கெடும்.

ஆகவே ஆட்டத்துக்கு முன் வானிலைப் பகடை. 6 விழுந்தால் சேறு: இருவர் எண்ணும் பாதி, பின்னத்தைக் கீழே தள்ளு. 6 எண் 3 ஆனால், டச்டவுனை மட்டும் எண்ணினால், ஒரு அணியாவது பூஜ்யத்தில் நிற்கும் வாய்ப்பு 58 சதவீதமாகிறது, 0–0 டிரா 12 சதவீதம். ஆனால் இதைச் சேர்த்ததும் சீசன் சராசரி பன்னிரண்டில் ஒரு பங்கு சரியும். அதை ஈடுகட்ட 0.45க்குப் பதில் 0.49ஆல் பெருக்க வேண்டும். லீக் சராசரி எண்ணும் 6.5 ஆகும். கழித்து முடித்த பிறகுதான் முழு எண்ணாக்க வேண்டும், முன்பே செய்தால் அரை எண் பிழை இரண்டு முறை ஏறும்.

சேர்க்க ஆசைப்பட்டுக் கைவிட்டது ஹேஷ் கோடு விதி. ஓரத்தில் நின்ற ஆட்டத்தை அடுத்து எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும் கோடுகள் அவை. 1947இல் அந்தக் கோடுகளைப் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து 53 அடி 4 அங்குலத்துக்கு உள்ளே தள்ளினார்கள். ஓரத்தில் சிக்கிய அணிக்கு அது நிம்மதி. ஆனால் அதன் பலன் அந்த வருட சராசரியிலேயே அடங்கிவிட்டது. மறுபடி கூட்டினால் இரட்டைக் கணக்கு.

களைப்பு விதி மட்டும் தங்கியது. 1941 முதல் 1952 வரை ஆள் மாற்றுவதற்குக் கட்டுப்பாடில்லை. 1945இல் மிச்சிகனின் ஃபிரிட்ஸ் கிறிஸ்லர் ஆர்மிக்கு எதிராகத் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனிக் கூட்டத்தை இறக்கிக் காட்டினார். சின்னக் கல்லூரியில் அதற்கு ஆள் எங்கே? மலரில் உள்ள குழுப் படத்தில் தலைகளை எண்ணி, எதிரியைவிட 10 பேர் குறைவாக இருந்தால் கடைசி மூன்று வீச்சில் எதிரியின் எண்ணில் 1 கூட்டவும். விளைவு அரைப் புள்ளிக்குச் சற்று மேல்தான். சீசன் தொடக்கத்தில் எடுத்த படம் என்றால் பாதியில் விலகியவர்களும் அதில் நிற்பார்கள். பரிசுச் சட்டை வாங்கியவர் பட்டியல் கிடைத்தால் அதுவே நம்பகம்.

கேள்விக்கு வருவோம்

1947 அட்டையை வைத்து 1947ஐ ஆடினால் சதர்னுக்குத்தான் சாதகம். அந்த எண்ணே சதர்ன் ஜெயித்த ஸ்கோரிலிருந்து வந்தது. இப்படி ஆடுவது அட்டை சரியா என்று பார்க்க உதவும், அணிகள் சமமா என்று சொல்லாது. அதற்கு முந்தைய வருட அட்டையால் ஆட வேண்டும்: 1946 அட்டையில் 1947, 1947 அட்டையில் 1948. இப்படி ஆடும்போது எந்த அணியும் பெரிதாகத் தனித்து நிற்பதில்லை; முந்தைய சாம்பியனுக்கு லேசான முன்தூக்கல் மட்டும். ஆக 19.2க்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். 1945 அட்டையால் 1946ஐ ஆடுவது மட்டும் வீண். 1944இல் கையெழுத்தான, வீரர்களின் படிப்புச் செலவுக்கு உதவிய ஜிஐ சட்டத்தின் உதவியில் படைவீரர்கள் 1946இல் கூட்டமாகக் கல்லூரிக்குத் திரும்பினார்கள். அதே சட்டை, வேறே அணி.

பட்டம் யாருக்கு என்பதில் டிராவை எப்படி எண்ணுவது என்று முதலிலேயே எழுதி வைக்கவும். டிராவை ஒதுக்கிவிட்டால் 2–0–2 (வெற்றி–தோல்வி–டிரா) அணி நூறு சதவீதம், 3–1 அணியைத் தாண்டிவிடும். அரை வெற்றியாக எடுத்தால் இரண்டுமே 0.750. ஒதுக்கிவிடும் முறைதான் அந்தக் காலத்துப் பட்டியல்களில் அதிகம் தென்படுவதால் அதையே எடுத்திருக்கிறது.

அடுத்தது 1950, இல்லினாய் ஸ்டேட் நார்மலின் வருடம். அந்த வருடம் சென்ட்ரல் மிச்சிகனும் ஈஸ்டர்ன் மிச்சிகனும் சேர்ந்து அணிகள் ஏழாயின, லீக்கின் பெயரும் ‘இன்டர்ஸ்டேட்’ என்று மாறியது. முழுச் சுற்று என்றால் 21 ஆட்டம், சரிபார்ப்புத் தொகை 42. லீக் சராசரியைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஈஸ்டர்ன் மிச்சிகன் அப்போது மிச்சிகன் ஸ்டேட் நார்மல் காலேஜ். தேடலில் இன்னொரு ‘நார்மல்’. இப்சிலான்டி என்று ஊர்ப் பெயரில் தேடினால் தப்பலாம்.