கஜாவுக்குப் பிறகு எங்கள் மருந்துக்கடை

வேதாரண்யத்தில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு மருந்துக்கடை. 2018-ல் தீபாவளி முடிந்து பத்தாம் நாள், நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கரையைக் கடந்தது. முந்தைய நாள் சாயங்காலமே ஷட்டரை இறக்கிப் பூட்டி, வாசலில் மணல் மூட்டை அடுக்கி, மெயினை அணைத்துவிட்டு வந்திருந்தேன். கடைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு என் யோசனை முழுக்கக் காற்றைப் பற்றித்தான். காற்று நின்ற பிறகு எத்தனை நாள் கரண்ட் இருக்காது என்பது மனதில் வரவே இல்லை.

விடிந்ததும் கிளம்பினேன். தெருவெல்லாம் மரம், சாய்ந்து கிடக்கும் மின்கம்பம். கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போய்விட்டது. அட்டைப்பெட்டிகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதைவிடப் பெரிய அடி ஃபிரிட்ஜில் இருந்தது. உள்ளே அறுபதுக்கு மேல் இன்சுலின். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் இன்சுலின் கெட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. மூடிய கடைக்குள் சூடு எவ்வளவு ஏறியது என்பதற்கு என்னிடம் கணக்கும் இல்லை. அத்தனையையும் ஒதுக்கி வைத்தேன்.

மூன்றாம் நாள் புஷ்பவனம் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் நடந்தே வந்தார். எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் ஈரத்துணி சுற்றிய இன்சுலின் பாட்டில். “தம்பி, இது இன்னும் வேலை செய்யுமா?” என்றார். எப்போது திறந்தது என்று கேட்டேன். தீபாவளிக்கு மறுநாள் என்றார். திறந்த பாட்டில் வெயில் படாமல், சூடு ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும், போடுங்கள் என்றேன். “சரி, தீர்ந்துபோனால்?” என்றார். கையில் கொடுக்க ஒன்றுகூட இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு புரட்டாசியிலும் புயலுக்குத் தயாராகும் வேலையை ஆரம்பிக்கிறேன்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. அதனால் இப்போது என் கணக்கு காற்றிலிருந்து தொடங்குவதில்லை, கரண்ட் இல்லாத நாட்களிலிருந்து தொடங்குகிறது. சின்ன ஜெனரேட்டர் ஒன்று சொந்தமாக வாங்கினேன். கஜா சமயத்தில் வாடகைக்குக் கேட்டால் கிடைக்கவே இல்லை. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன். எரிபொருளை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும், கரண்ட் இல்லையென்றால் பங்கிலும் பம்பு ஓடாமல் போகலாம்.

இன்சுலினுக்குத் தனியாக இரண்டு தெர்மாகோல் பெட்டி. ஐஸ் பேக்கை ஐப்பசி முதலே ஃப்ரீசரில் உறைய வைத்திருப்போம். பெட்டியில் அடுக்கும்போது ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி ஓரத்தில்தான் வைக்க வேண்டும், மருந்தை அட்டைப்பெட்டியோடு நடுவில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டு இன்சுலின் உறைந்துவிட்டால் அதுவும் வீண்தான், இது பலருக்குத் தெரிவதில்லை. வயர் உள்ளே, திரை வெளியே இருக்கிற மாதிரி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை மாட்டி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதுகிறோம். மறுபடி சந்தேகத்தின் பேரில் மருந்தை வீசக் கூடாது, சந்தேகத்தோடு விற்கவும் கூடாது.

அப்புறம் காப்பீடு. கடனுக்காக எடுத்த பாலிசி எங்களிடம் இருந்தது, ஆனால் நான் அதைப் படித்ததே இல்லை. கடையில் 8 லட்ச ரூபாய்ச் சரக்கு, பாலிசியில் போட்டிருந்தது 5 லட்சம். அப்படிக் குறைத்துப் போட்டிருந்தால் நஷ்டத்திலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். 2 லட்சம் போனால் 1.25 லட்சம். ஃபிரிட்ஜும் அலமாரியும் பாலிசியில் இல்லவே இல்லை. சர்வேயர் வந்து கொள்முதல் பில்லைக் கேட்டபோது பாதி பில் கூழாகிக் கிடந்தது. இப்போது சரக்கு, சாமான், கட்டடம் மூன்றுக்கும் தனித்தனித் தொகை. பில்களையும் லைசென்ஸையும், கட்டுப்பாடுள்ள சில மருந்துகளின் விற்பனையை எழுதிவைக்கும் எச்1 பதிவேட்டையும் படம் எடுத்து, மதுரையில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பிவிடுகிறேன். அக்டோபர் முதல் வாரம் ஒவ்வொரு அலமாரியையும் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கிறேன்.

ஷட்டர், போர்டு வேலையெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். ஃபிளெக்ஸ் போர்டைக் கழற்றி உள்ளே வைப்பது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக் கனமாக்குவது, கீழ்த்தட்டு மருந்தை மேலே ஏற்றுவது. நாகை துறைமுகத்தில் முதல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தாலே இதை ஆரம்பித்துவிடுவோம்.

சரக்கும் மாறிவிட்டது. தகரம் கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி, ஓஆர்எஸ், சேற்றுப்புண் களிம்பு, குளோரின் மாத்திரை எல்லாம் கூடுதலாக வாங்கி வைக்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களிடம் ஐப்பசி பிறந்ததும் ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே சொல்கிறேன். கையில் காசில்லாதவர்களுக்குக் கடன் நோட்டு இருக்கிறது. டவர் விழுந்தால் ஜிபேயும் வேலை செய்யாது, அதனால் பத்து, இருபது ரூபாய் நோட்டாகச் சில்லறை சேர்த்து வைக்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது எங்களுக்குக் காற்று பெரிதாக இல்லை, மழைதான் கொட்டித் தீர்த்தது. புயல் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. எங்கள் தெருவில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் காலை பெட்டியின் திரையில் 6 டிகிரி காட்டியது. புஷ்பவனத்துப் பெரியவரின் மகன் அன்றைக்கு வந்து அப்பாவுக்கு இரண்டு பாட்டில் வாங்கிப் போனார். அதே எவர்சில்வர் டம்ளரைத்தான் கொண்டுவந்திருந்தார். டம்ளர் வேண்டாம் என்று சொல்லி, ஒரு சின்னத் தெர்மாகோல் டப்பாவில் வைத்துக் கொடுத்தேன்.