ஆர்.வி.ஜி. கம்ப்யூட்டரை மாற்றும்போது

வாயில் வைக்கும் சென்சார் மூலம் பல்லின் எக்ஸ்ரேயை நேராகக் கம்ப்யூட்டரில் காட்டும் முறைதான் ஆர்.வி.ஜி. பல் கிளினிக்கில் புது கம்ப்யூட்டர் வாங்கி அதன் சாஃப்ட்வேரை ஏற்றுவது சுலபம். பழைய எக்ஸ்ரேக்கள் பெயர், தேதி, அளவு எதுவும் கெடாமல் வந்து சேர வேண்டும், அதில்தான் பாடு.

பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் படங்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கும். எந்தப் படம் யாருடையது என்ற விவரம் தனியாக டேட்டாபேஸில் இருக்கும். ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபைல்கள்தான் மிஞ்சும். யாருடைய பல் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் சாஃப்ட்வேரிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்தி இரண்டையும் சேர்த்து எடுங்கள். அப்போது வேறெந்த கம்ப்யூட்டரிலும் அந்த சாஃப்ட்வேர் திறந்திருக்கக் கூடாது.

அடுத்தது கேலிப்ரேஷன் ஃபைல், அதாவது சென்சாருக்கே உரிய குறைகளைப் படத்தில் திருத்தும் ஃபைல். பல சென்சார்களுக்கு அவற்றின் சீரியல் நம்பரோடு இணைந்த ஃபைல் தனித்தனியாக உண்டு. அதே மாடல் என்றாலும் இன்னொரு சென்சாரின் ஃபைல் ஒத்துவராது. அது இல்லாமல் எடுத்தால் படத்தில் செங்குத்துக் கோடுகளும் வெள்ளைப் புள்ளிகளும் விழும். சென்சார் போய்விட்டது என்று பயந்து புதிது வாங்கக் கிளம்புவதற்கு முன் இந்த ஃபைல் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சென்சார் நடுநடுவே காணாமல் போனால் விண்டோஸின் பவர் செட்டிங்கில் யு.எஸ்.பி. தூங்கப் போவதை நிறுத்துங்கள். யு.எஸ்.பி. 2.0-வில் ஒரு கேபிளின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. சென்சாரின் படத்தைச் சாஃப்ட்வேருக்குள் கொண்டுவரும் ட்வெயின் டிரைவர் 32 பிட்டாக இருந்தால் 64 பிட் சாஃப்ட்வேருக்குள் தெரியாது. அதற்குப் பொருத்தமான டிரைவரைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும்.

வேறு கம்பெனி சாஃப்ட்வேருக்கு மாறுவதானால் படங்களை ஜேபெக்காக எடுக்காதீர்கள், மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாமாக எடுங்கள். 12 பிட் படத்தில் 4096 சாம்பல் நிலைகள். வழக்கமான ஜேபெக்கில் 256 மட்டுமே. அதைவிட ஆபத்து, ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர் என்ற தகவல் ஜேபெக்கில் தொலைந்துபோவது. பிறகு ரூட் கேனால் நீளத்தை அளந்தால் சாஃப்ட்வேர் ஏதோ ஒரு எண்ணைத் தயங்காமல் காட்டும். ரூட் கேனாலில் 1 மி.மீ. பிசகினாலும் சிகிச்சை கெடலாம். சரிபார்க்க, 20 மி.மீ. நீளத்தில் நேராக வெட்டிய கம்பியைச் சென்சாரின் மேல் படுக்கவைத்து ஒரு படம் எடுத்து அளந்து பாருங்கள். 20-ஐ ஒட்டி வந்தால் புதிய படங்களுக்கு அளவு சரி. கொண்டுவந்த பழைய படங்களுக்கு இந்தச் சோதனை போதாது; ஒரே படத்தை இரண்டு சாஃப்ட்வேரிலும் திறந்து, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்து ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, ஷார்ப்பன் ஃபில்டர். புது சாஃப்ட்வேர்கள் பலவும் படம் பளிச்சென்று தெரிவதற்காக இதைத் தானாகவே போட்டுவிடுகின்றன. உலோக ஃபில்லிங், கிரவுன் இவற்றின் ஓரத்தில் அப்போது மெல்லிய கருங்கோடு ஒன்று தோன்றும். அடியில் மறுபடி சொத்தை வந்ததுபோலவே இருக்கும், நல்ல பல்லைத் தோண்ட வைத்துவிடும். ஃபில்டரை நீக்கியதும் அந்தக் கோடு மறைந்தால் அது சொத்தை என்பதற்குச் சான்று அல்ல. பழைய படத்தோடு ஒப்பிட்டு, வாயிலும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஃபில்டர் இல்லாத மூலப் படம்தான் முதலில் திறக்க வேண்டும் என்று செட்டிங்கில் மாற்றி வையுங்கள். பழைய படங்களை எடுக்கும்போதும் ஃபில்டரை அணைத்துவிட்டே எடுங்கள். படத்தோடு ஒட்டிப்போனால் பிறகு பிரிக்க முடியாது.