முதல் படகு: இன்ஜினைப் பார்த்தேன், பலகையைப் பார்க்கவில்லை

ஒரு வழியாகப் படகு என் பெயருக்கு மாறிவிட்டது. 16 அடி ஃபைபர் படகு, அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், தொங்கும் 4 ஸ்ட்ரோக் இன்ஜின், இழுத்துப் போக ஒரு டிரெய்லர். நான் பார்த்த படகுகளில் இது மூன்றாவது. முதல் படகை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அதைத் தனியாகப் போய்ப் பார்த்தது என் தப்பு. பளபளவென்று புதுப் பெயின்ட். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. குளிர்விக்கும் தண்ணீர் பின்பக்கத் துளையிலிருந்து நூல் பிடித்த மாதிரி பீய்ச்சியது. ‘இதற்கு மேல் என்ன பார்க்க இருக்கிறது’ என்று முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டிப் போனேன். அவர் இன்ஜின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. இன்ஜினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். “இன்ஜினப் பாக்காத தம்பி, பலகையப் பாரு” என்றார். இன்ஜின் மாட்டியிருந்த பின்பலகையின் மேல் விளிம்பு, ஆடும் பல் போல முன்னும் பின்னும் அசைந்தது. அப்புறம் ஆழமானி மாட்டியிருந்த சின்னத் திருகு ஒன்றைக் கழற்றினார். ஓட்டையிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் கசிந்து பெயின்டில் கோடு போட்டது. விற்பவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். டிரான்ஸம் என்கிற அந்தப் பின்பலகை பல படகுகளில் முழு ஃபைபர் இல்லை. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் இருக்கும். போல்ட் துளையிலோ, யாரோ அவசரத்துக்கு அடித்த திருகின் வழியாகவோ தண்ணீர் உள்ளே போனால், மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இன்ஜினின் எடையும் உந்தலும் மொத்தமாக அதன்மேல்தான். சரி செய்ய வேண்டுமென்றால் தோலை வெட்டித் திறந்து, பலகையை மாற்றி, திரும்ப ஃபைபர் போட வேண்டும். பழைய படகின் விலையே அதில் போய்விடலாம்.

முன்பணம் திரும்பி வர மூன்று வாரமும் எண்ண முடியாத அளவு போன் அழைப்புகளும் ஆயின. ‘தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியானால்தான் பேரம், இல்லையென்றால் பணம் வாபஸ்’ என்று ரசீதில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. நீங்கள் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது படகு பத்து நிமிடத்தில் முடிந்தது. “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று போனில் சொல்லியிருந்தேன். போனதும் முதல் வேலையாக இன்ஜின்மேல் கை வைத்தேன். சூடு. ஆறிய இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை மறைக்கிறவரோடு என்ன பேச்சு? போதாக்குறைக்கு ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் தளம் காலுக்கடியில் மெத்தையாக அமுங்கியது. வந்த வழியே திரும்பினேன். இந்தத் தடவை பணம் எதுவும் கொடுக்கவில்லை என்பதில் ஒரு சின்ன சந்தோஷம்.

மூன்றாவதில் அவசரமே படவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் முன்பக்க அணியத்திலிருந்து அமரம் வரை தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகப் பேசும். நீர் ஏறிய இடமும், பிரிந்துபோன இடமும் ‘தொப்’ என்று விழும். இதற்குப் பழக்கம் வேண்டாம், காது போதும். கியர் ஆயிலை வடித்துப் பார்த்தோம். வெளுத்துக் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் தெளிவாக இருந்தது. இன்ஜினின் காற்றாடியை (புரொப்பெல்லர்) கழற்றியபோது தண்டில் தூண்டில் நரம்பு சுற்றிக் கிடந்தது. அது தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்துவிடும். நல்ல வேளை, இன்னும் அறுக்கவில்லை. சிலிண்டர்களின் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே உண்டாகும் அழுத்தம், 10 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தது. தண்ணீரில் இறக்கி முழு வேகத்தில் ஓட்டியதும் தயாரிப்பாளர் சொன்ன சுற்று எண்ணிக்கையைத் தொட்டது. திரும்பி வந்து அடித்தளத்தைப் பார்த்தோம், காய்ந்திருந்தது. கரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் தண்ணீர் ஹோஸ் மாட்டாமல் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பில் இருக்கும் ரப்பர் சக்கரம் சீக்கிரமே தேய்ந்து கருகிவிடும்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் காகிதம்.

படகின் பின்பலகையில் வலப்பக்கம் மேலே உடல் எண் பொறித்திருக்கும். 12 எழுத்தும் எண்ணும் கலந்தது. முன்னால் நாட்டுக் குறியீடு சேர்ந்தால் 14. கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். என் படகில் பூஜ்யம் இருந்த இடத்தில் பழைய பதிவுச் சான்றில் ‘ஓ’ என்று ஆங்கில எழுத்து அடித்திருந்தது. கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது வேற படகு” என்று தாளைத் தள்ளிவிட்டார். தொடர் எண் பகுதியில் ‘ஓ’ வரவே கூடாது, பூஜ்யத்தோடு குழம்பும் என்றுதான் விலக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அதை எழுதிக் கொண்டு வா என்றார். எழுதிக் கொண்டு போனால், பழைய உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றார். அதோடு போன அன்றைக்கு அவர் விடுப்பு. மூன்று நடை. நான்காவது நடையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார்.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவர் பக்கத்தில் இருக்கும்போதே, உடல் எண், இன்ஜின் எண் இரண்டையும் காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். டிரெய்லருக்குத் தனிக் காகிதம் உண்டா, படகின்மேல் கடன் பாக்கி உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

டிரெய்லரை நான் கண்டுகொள்ளவே இல்லை. டயரில் பூ நன்றாக இருந்தது, அதனால் நம்பிவிட்டேன். பக்கவாட்டில் இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தை வழியில் நிறுத்தியபோதுதான் படித்தேன்: 3611. அதாவது 2011ஆம் வருடம் 36ஆவது வாரம் செய்த டயர். நிறுத்தியதற்குக் காரணம் வேறு. வலது சக்கரத்தின் பேரிங் சூடேறி, கை வைக்க முடியாமல் கொதித்தது. மீதி தூரத்தைப் படகு இன்னொருவர் டிரெய்லரில்தான் வந்தது.

முதல் நாள் தண்ணீரில் இறக்கினேன். ஐந்து நிமிடத்தில் கணுக்கால் நனைந்தது. ஆஹா, இதுவும் ஓட்டைப் படகா என்று நெஞ்சு அடைத்துப் போனது. மெக்கானிக் அண்ணன் கரையில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார். அவர் விரல்களுக்கு நடுவே படகின் அடித்துளையை அடைக்கும் வடிகால் மூடி. அதை இப்போது சாவிக் கொத்தில் கட்டி வைத்திருக்கிறேன்.